ஏத்தனா, கைதைச்சக்கையா, ஆப்பிளா: முற்றத்துக் கனலில் எதைச் சுடலாம்?

கிறிஸ்துமஸ் லீவுக்குச் சொந்தபந்தம் எல்லாம் ஊருக்கு வந்துவிட்டால் ஒரு ராத்திரியாவது முற்றத்தில் தீ போட்டே ஆகவேண்டும் என்று பிள்ளைகள் நிற்பார்கள். எங்கள் குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், அருமனை, களியக்காவிளைப் பக்கம் தீ காய்கிற அளவுக்குக் குளிர் கிடையாது. ஆனாலும் தீ வேண்டும், தீ இருந்தால் அதில் எதையாவது சுடவேண்டும், கோழியும் மரச்சீனிக் கிழங்கும் தீர்ந்த பிறகு "இனிப்புக்கு என்ன?" என்று கேள்வி வரும். பழத்தை நறுக்கி, அலுமினிய ஃபாயிலில் பொதிந்து, தீயில் போட்டு எடுக்கிற வீடியோவை இப்போது எல்லோரும் பார்த்து வைத்திருக்கிறார்கள். சுலபமான வேலைதான். ஆனால் எந்தப் பழம், எதில் பொதிவது, எப்படிப்பட்ட தீ என்று பார்க்காமல் போட்டால் ஒரு பக்கம் கரியும் மறுபக்கம் பச்சையுமாகத்தான் கிடைக்கும். அதனால் நம் சந்தையில் கிடைக்கிற பழங்களை வைத்தே பார்ப்போம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் இடம் ஏத்தனுக்கு, அதாவது நேந்திரனுக்கு. அதற்கு ஃபாயிலே வேண்டாம். ஃபாயில் வேண்டியது கைதைச்சக்கைக்கு, அதாவது அன்னாசிக்கு, அதுவும் உள்ளே ஒரு வாட்டின வாழையிலையோடு.

ஃபாயில் பொதிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். பழத்தில் பெரும்பகுதி தண்ணீர். மூடின பொதிக்குள் அந்தத் தண்ணீர் ஆவியாகி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், அது இருக்கிறவரை உள்ளே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சர்க்கரை சிவந்து அந்த மணம் வருவதற்கு இது போதாது. பழத்தில் இருக்கிற ஃபிரக்டோஸ் 110 டிகிரி பக்கம் சிவக்கத் தொடங்கும், நாம் டீயில் போடுகிற சர்க்கரைக்கு 160 டிகிரி பக்கம் வேண்டும். அப்படியென்றால் ஃபாயிலில் பழம் பெரும்பாலும் அவிகிறது, தண்ணீர் வற்றின பிறகு கடைசி ஓரிரு நிமிஷம்தான் அடிப்பக்கம் சிவக்கிறது. அவிந்தால் நன்றாக இருக்கிற பழம் எது, நேராகச் சூடு பட்டால் நன்றாக இருக்கிற பழம் எது என்று பிரித்துக்கொண்டால் பொதியின் கேள்வியும் முடிந்துவிடும். ஃபாயிலின் பளபளப்பான பக்கம் உள்ளே வரவேண்டுமா வெளியே வரவேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. எந்தப் பக்கம் வந்தாலும் ஒன்றுதான், அதில் நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

அடுத்தது தீ. கொழுந்துவிட்டு எரிகிற தீயில் எந்தப் பழத்தையும் வைக்கக் கூடாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், நன்றாக எரிகிற விறகுக்கு நடுவில் அந்தச் சூடு சாதாரணமாக வரும், வீட்டுச் சமையலுக்கு விற்கிற மெல்லிய ஃபாயில் அதில் ஓட்டை விழுந்து பொடிப்பொடியாகப் போய்விடும். வேண்டியது கனல். நம் ஊரில் விறகு என்றால் ரப்பர் விறகுதான் முதலில் கைக்கு வரும், நன்றாகக் காய்ந்ததாக இருந்தால் பரவாயில்லை, காயாததைப் போட்டால் புகை பழத்தில் ஏறி வாயில் வைக்க முடியாது. புளி விறகு கிடைத்தால் கனல் நின்று வேகும். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது சிரட்டை. தேங்காய் திருவித் திருவிச் சேர்ந்து கிடக்கிற சிரட்டைகளை ஓலையும் கொதும்பும், அதாவது காய்ந்த தென்னம்பாளையும், வைத்துப் பற்றவைத்து எரியவிட்டால், கொழுந்து அடங்கினதும் புகையே இல்லாத, சீரான சிவப்புக் கனல் கிடைக்கும். கனலுக்கு ஒரு சாண் மேலே கையை நீட்டிப் பாருங்கள், ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணுவதற்குள் கையை எடுக்க வேண்டியிருந்தால் அது பழம் வைக்கிற சூடு. ஒன்றிலேயே எடுக்க வேண்டியிருந்தால் இன்னும் பொறுங்கள். பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டம், பிளைவுட் துண்டு இதெல்லாம் இந்தத் தீயில் வேண்டவே வேண்டாம், சாப்பாடு வேகிற இடம்.

சரி, ஏத்தனுக்கு வருவோம்.

மற்ற வாழைப்பழங்களுக்கும் ஏத்தனுக்கும் பெரிய வித்தியாசம் என்னவென்றால், பழுத்த பிறகும் அதில் மாவுச்சத்து நிறைய மிச்சம் இருக்கும். பச்சையாகத் தின்றால் கொஞ்சம் மாவு மாதிரி இருப்பதும், அவித்தால் ஆளே மாறிவிடுவதும் அதனால்தான். ஓணத்துக்கு அவித்துச் சாப்பிடுவதும், தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் அடைத்து நெய்யில் பொரிக்கிற மலபார்க்காரர்களின் பழம் நிறைச்சதும், டீக்கடைப் பழம்பொரியும் எல்லாம் இந்த ஒரு குணத்தை நம்பித்தான் நிற்கின்றன. சூடு பட்டாலும் அது குழையாது, துண்டு துண்டாகவே நிற்கும், இனிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். போதாததற்குத் தடித்த தோல் வேறு. கடவுள் கொடுத்த பொதியை உரித்துப் போட்டுவிட்டுக் கடையில் வாங்கின பொதியில் வைப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

செய்முறை என்று சொல்லவே ஒன்றும் இல்லை. தோல் பாதிக்கு மேல் கறுத்த பழமாகப் பார்த்து எடுக்கவேண்டும், இதுதான் முக்கியம், மஞ்சள் மாறாத பழத்தைச் சுட்டால் உள்ளே கட்டையாக, லேசான துவர்ப்போடு இருக்கும். தோலோடு கனல்மேல் படுக்க வைத்துவிடுங்கள். முதல் மூன்று நான்கு நிமிஷம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் தோல் முழுக்கக் கறுத்து, மினுங்கி, உள்ளேயிருந்து சன்னமாக ஒரு சீறல் கேட்கும். புரட்டிப் போடுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் முதுகுப் பக்கத்து விளிம்பில் தோல் நீளவாக்கில் வெடிக்கும், வெடிப்பில் இளம்பழுப்பாக ஒரு பாகு நுரைத்து வெளியே வந்து, கனலில் சொட்டி, அந்த இடத்திலேயே கருகும். அந்த வாசனை வந்ததும் தெருவில் போகிறவனும் எட்டிப் பார்ப்பான். வெடிப்பு ஒரு விரல் நுழைகிற அளவுக்கு அகன்றால் பழம் ஆயிற்று, மொத்தம் பத்து முதல் பதினைந்து நிமிஷம். இடுக்கியால் எடுத்து ஒரு தட்டில் வைத்து, வெடிப்பை இரண்டு பக்கமும் விலக்கி, உள்ளே பொடித்த கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் ஒரு நுள்ளு ஏலக்காய்ப்பொடியும் போட்டால், பழத்தின் சூட்டிலேயே கருப்பட்டி உருகி இறங்கிவிடும். தோலையே கிண்ணமாக வைத்து ஸ்பூனால் கோரிச் சாப்பிடலாம். தட்டுக்கூட அதிகம்தான்.

இதையே ஃபாயிலில் செய்தால் என்ன ஆகும்? கெட்டுப்போகாது. தோலில் சாம்பல் ஒட்டாது, கையில் கரி படாது, ஏழெட்டுப் பழத்தை ஒரே நேரத்தில் அடுக்கிவிட்டு வேறு வேலை பார்க்கலாம், இதெல்லாம் லாபம்தான். நஷ்டம் என்னவென்றால் அந்த வெடிப்பும் பாகு கருகுகிற மணமும் கிடைக்காது, வீட்டில் இட்லிப் பானையில் அவித்த ஏத்தம்பழத்துக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. இட்லிப் பானைப் பழம் வேண்டுமென்றால் அதற்கு முற்றத்தில் தீ எதற்கு?

ஆனால் ஒரே ஒரு இடத்தில் வாழைப்பழத்துக்கு ஃபாயில் வேண்டும். அமெரிக்காவில் சாரணர் முகாம்களில் பிள்ளைகள் செய்கிற பனானா போட் என்று ஒன்று உண்டு. தோலை உரிக்காமல் நீளவாக்கில் கீறி, அதற்குள் சாக்லேட் துண்டும் மார்ஷ்மெல்லோவும் திணித்து, ஃபாயிலில் சுற்றிக் கனலில் வைப்பது. அங்கே கிடைப்பது மெல்லிய தோலுள்ள கேவண்டிஷ் பழம், சீக்கிரம் குழையும், திணித்தது வழியாமல் நிற்கவேண்டும், அதனால் ஃபாயில் தேவைப்படுகிறது. நம் பிள்ளைகளும் இதைத்தான் கேட்பார்கள், கேட்டால் செய்து கொடுங்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ரோபஸ்டா இதற்குச் சரியாக வரும், அது அந்தக் கேவண்டிஷ் வகைதான். ஃபாயிலைச் சுற்றி முறுக்குவதை விட, கீழே தொட்டில் மாதிரிக் குழித்து, பழம் சாயாமல் நிற்க வைத்து, மேலே லேசாக மூடினால் போதும். சாக்லேட்டை முதலிலேயே போட வேண்டாம். நம் உடம்புச் சூட்டிலேயே அது உருகும், பத்து நிமிஷம் கனலில் இருந்தால் பால் சேர்த்த சாக்லேட் அடிப்பிடித்துக் கசக்கும். பழம் முக்கால்வாசி வெந்த பிறகு திணித்து இரண்டு நிமிஷம் வைத்தால் சரியாக இருக்கும். மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது மாட்டுத் தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து எடுப்பது, சைவக்காரர்கள் வந்திருந்தால் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மட்டிப்பழத்தைத் தயவுசெய்து தீயில் வைக்காதீர்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின பழம், விரல் நீளம், தேன் மணம், அதன் ருசி முழுவதும் அந்த மணத்தில்தான் இருக்கிறது, சூடு பட்டால் முதலில் போவதும் அதுதான். அதைத் தீக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்படியே தின்பதுதான் மரியாதை. செந்துளுவன், ஊரில் செவ்வாழை என்றும் சொல்வது, சுட்டால் மோசமில்லை, ஆனால் அதன் விலைக்கு ஏத்தன் இரண்டு வாங்கலாம். பாளையங்கோட்டானின் புளிப்பு சூட்டில் முன்னுக்கு வந்துவிடும், வேண்டாம்.

கைதைச்சக்கைதான் இந்த ஒப்பீட்டில் எனக்கு அதிகம் யோசனை கொடுக்கிற பழம், ஏனென்றால் இதற்கு ஃபாயில் நன்றாகவும் உதவும், ஃபாயிலுக்குப் பிடிக்காத பழமும் இதுவே. குமரி மாவட்டத்திலும் அந்தப்பக்கம் கேரளத்திலும் ரப்பர் நட்ட முதல் சில வருஷம் மரம் நிழல் கட்டுகிறவரை ஊடுபயிராக இதைத்தான் போடுகிறார்கள், அதனால் எப்போதும் கிடைக்கும். சந்தையில் இரண்டு வகை வரும்: சின்னதாக, நல்ல மஞ்சளாக, கெட்டியாக இருப்பது மொரீஷியஸ், வாழக்குளத்து அன்னாசி என்று 2009-இல் புவிசார் குறியீடு பெற்றது இதுதான். பெரிதாக, தண்ணீர் அதிகமாக இருப்பது கியூ. கனலுக்கு மொரீஷியஸ்தான். கியூவை வைத்தால் பொதிக்குள் கஷாயம் மாதிரிச் சாறு தேங்கி, அது வற்றுவதற்குள் பழம் நாராகிவிடும்.

பச்சை அன்னாசி நிறையத் தின்றால் நாக்கு அரிக்கும், அதற்குக் காரணம் புரோமிலைன் என்ற நொதி, அது புரதத்தைக் கரைக்கிற சாமான். நன்றாக வெந்தால் அதன் வேலை நின்றுவிடும். அரிப்புக்குப் பயந்து அன்னாசியைத் தொடாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இதைத்தான் கொடுக்கவேண்டும். விரல் கனத்துக்கு வட்டமாக நறுக்கி, நடுத்தண்டை எடுத்துவிட்டு, அந்த ஓட்டையில் கருப்பட்டித் துண்டு ஒன்றை வைத்து, விளிம்பில் கிராம்பு ஒன்று குத்துங்கள். மாறாமலை, வீரப்புலிப் பக்கம் விளைகிற நம் கிராம்பு இருக்கும்போது பட்டைப்பொடிக்குப் போக வேண்டாம், ஆனால் ஒரு வட்டத்துக்கு ஒன்றுக்கு மேல் குத்தினால் பல்லுக்கு மருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

இப்போது ஃபாயிலின் சங்கதி. அலுமினியத்தை அமிலமும் உப்பும் அரிக்கும், சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. அன்னாசியின் புளிப்பு பி.எச். அளவில் மூன்றரைக்குப் பக்கம், அதாவது நல்ல அமிலம். ஜெர்மனியில் உணவின் பாதுகாப்பை மதிப்பிடுகிற பி.எஃப்.ஆர். என்ற அரசு நிறுவனம் புளிப்பும் உப்பும் உள்ள சாப்பாட்டை அலுமினியத்தில் நேராகப் படும்படி வைக்காதீர்கள் என்றே சொல்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-இல் வைத்த கணக்குப்படி ஒருவர் வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம்வரை அலுமினியம் உள்ளே போகலாம், அறுபது கிலோ ஆளுக்கு அறுபது மில்லிகிராம். வருஷத்தில் ஓரிரு ராத்திரி ஒரு பொதி அன்னாசி தின்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் முற்றத்தின் மூலையில் வாழை நிற்கிற வீட்டில், ஒரு இலைத்துண்டை வாட்டி இடையில் வைத்தால் தீர்ந்துபோகிற விஷயத்தை ஏன் விடவேண்டும்? பழம் இலையைத் தொடும், இலை ஃபாயிலைத் தொடும், ருசிக்கும் இலைதான் நல்லது. வாழை இல்லாத இடத்தில் பட்டர் பேப்பர் போட்டாலும் சரி.

பொதிகிற விதம் ஒன்றுதான். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஃபாயிலை இரண்டு துண்டு கிழித்து ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள், நடுவில் இலை, இலைமேல் இரண்டு மூன்று வட்டம், அதற்கு மேல் வேண்டாம். நீளப்பக்கம் இரண்டையும் மேலே கொண்டுவந்து சேர்த்து இரண்டு மடிப்பு மடித்து, அப்புறம் இரண்டு ஓரத்தையும் சுருட்டுங்கள். பழத்தோடு ஒட்ட இறுக்காமல் ஆவிக்கு மேலே கொஞ்சம் இடம் விடவேண்டும். மடிப்பு மேல்பக்கமாக வைத்துக் கனலில் இறக்குங்கள், புரட்ட வேண்டாம். கண்ணால் பார்க்க முடியாது என்பதால் காதைக் கொடுக்க வேண்டும். முதலில் களகளவென்று கொதிக்கிற சத்தம் வரும், பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் அது குறைந்து எண்ணெய் பொரிகிற மாதிரிச் சிடுசிடு என்று மாறும். தண்ணீர் வற்றி, கருப்பட்டிப் பாகு சிவக்கத் தொடங்கின நேரம் அது. அதற்குமேல் ஒரு நிமிஷம், அவ்வளவுதான், எடுத்துவிட வேண்டும். திறக்கும்போது முகத்தை மேலே கொண்டு போகாதீர்கள், ஒரு ஓரத்தை மட்டும் கத்தியால் கீறி ஆவியை வெளியே விட்டுவிட்டு அப்புறம் பிரியுங்கள். பிள்ளைகள் கையில் மூடின பொதியைக் கொடுக்கவே கூடாது, கனலால் சுட்டுக்கொள்வதை விட இந்த ஆவியால் சுட்டுக்கொள்வது எளிது.

ஃபாயிலே இல்லாமல் வெறும் இலையில் முடியாதா என்று என் சித்தி மாதிரி ஆட்கள் கேட்பார்கள். முடியும். இலையடை செய்கிற ஊர், நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இலையைத் தீயில் வாட்டினால் மடித்தாலும் கிழியாது, இரண்டு மூன்று சுற்று சுற்றி வாழைநாரால் கட்டிக் கனலின் ஓரத்தில், சாம்பல் பூத்த இடத்தில் வைத்தால் வெளிச்சுற்று கருகும், உள்சுற்று பச்சையாகவே நிற்கும். ஆனால் சாறு ஒழுகுகிற பழத்துக்கு இது நிற்காது, பாகு வழிந்து கனல் அணையும். அதனால் வெறும் இலை வருக்கைச் சக்கைக்கு, அதாவது கெட்டிச் சுளையுள்ள பலாவுக்கு. மாசி பங்குனியிலிருந்து சக்கை வரத்தொடங்கும், சுளையைக் கொட்டை நீக்கிக் கீறி உள்ளே தேங்காய்ப்பூவும் கருப்பட்டியும் வைத்து இலையில் பொதிந்து சுட்டால் பத்து நிமிஷத்தில் ஆகிவிடும். கையில் வயணையிலை இருந்தால் இன்னும் விசேஷம். திருவனந்தபுரம் ஆற்றுகால் கோவில் பொங்காலைக்குத் தெரளியப்பம் செய்கிற அதே இலைதான், கறுவாப்பட்டையின் சொந்தக்கார மரம், பொதியைப் பிரிக்கும்போதே வாசனை வந்துவிடும். குழைந்த சுளையுள்ள கூழஞ்சக்கை இந்த வேலைக்கு ஆகாது, சூடு பட்டதும் கரைந்துவிடும். கிறிஸ்துமஸுக்குச் சக்கை கிடையாது என்பதால் இந்த ஒப்பீட்டில் அது வெளியே நிற்கிறது, ஈஸ்டர் லீவுக்குத் தீ போடுகிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மிஞ்சின கொட்டையைக் கனலில் சுடும்போது தோலில் ஒரு கீறல் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் வெடித்துக் கண்ணுக்கு நேரே வரும்.

ஆப்பிளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வெளிநாட்டு முகாம்களில் இதுதான் ராஜா, நடுவைக் குடைந்து வெண்ணெயும் பட்டைப்பொடியும் உலர்திராட்சையும் அடைத்து ஃபாயிலில் சுற்றிவிடுவார்கள், அங்கே தோட்டத்தில் காய்க்கிறது, செய்கிறார்கள். நமக்கு டிசம்பரில் கிடைப்பது காஷ்மீரிலிருந்தோ இறக்குமதியாகவோ வருவது, அதிலும் பெரும்பாலும் சிவப்பு டெலிஷியஸ், சுட்டால் மணல் மணலாக உதிர்ந்துவிடும். கட்டாயம் ஆப்பிள்தான் வேண்டுமென்றால் பச்சை நிற கிரானி ஸ்மித் வாங்குங்கள், உருக்குலையாமல் நிற்கும், புளிப்பும் இருப்பதால் கருப்பட்டிக்கு ஜோடி. முழு ஆப்பிள் வேக அரை மணி நேரம் ஆகும், அதுவரை பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள், நான்காக நறுக்கினால் பாதி நேரம் போதும். புளிப்புப் பழம் என்பதால் இதற்கும் உள்ளே இலை வேண்டும். விலையையும் நேரத்தையும் பார்த்தால் நான் இதற்குப் போகமாட்டேன்.

பப்பாளி சுட்டால் அதன் அந்த ஒரு மாதிரி வாடை இரண்டு மடங்காகும். கொய்யா நன்றாகவே வரும், பாதியாக வெட்டிக் கனல்மேல் கம்பிவலை வைத்து வெட்டின பக்கம் கீழே இருக்கும்படி வைத்தால் போதும், ஃபாயில் வேண்டாம். கெட்டியான மாம்பழம் கிடைக்கிற நேரத்தில் கன்னத்தைச் சீவி இதேபோல் வைக்கலாம். செங்கவருக்கை மாம்பழத்தை மட்டும் சுடாதீர்கள், அதைச் சுட மனசு வரக் கூடாது.

இனிப்புக்கு எதைச் சேர்ப்பது என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. கருப்பட்டி புகை மணத்தோடு சேர்ந்து போகும், பொதிக்குள் தூளாக்காமல் சின்னத் துண்டாகப் போட்டால் மெதுவாக உருகும். வெள்ளைச் சர்க்கரை சாறில் கரைந்து வெறும் இனிப்பாக நிற்கும், அதற்கென்று மணம் கிடையாது. மார்த்தாண்டம் பக்கத்துத் தேன் என்றால், அதில் பெரும்பகுதி ரப்பர் இலைக்காம்பில் ஊறுகிற இனிப்பைத் தேனீ எடுத்துச் சேர்த்தது, அதைப் பொதிக்குள் வைத்துக் கொதிக்க விட்டால் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும், பழத்தை எடுத்துக் கைபொறுக்கிற சூட்டுக்கு ஆறின பிறகு மேலே ஊற்றுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்று சொல்லிக்கொண்டு எடுத்துக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். ரத்தத்தில் போய்ச் சேரும்போது அதுவும் சர்க்கரைதான். அவர்களுக்கு ஒன்றும் சேர்க்காமல் சுட்ட கொய்யாவில் ஒரு துண்டு கொடுங்கள், நன்கு கறுத்த ஏத்தனில் இனிப்பு அதிகம், அது வேண்டாம்.

ஆட்களைப் பார்த்து எடுப்பதென்றால் இப்படி. நான்கைந்து பேர், எல்லோரும் பெரியவர்கள், பேசிக்கொண்டே இருக்கப் போகிறார்கள் என்றால் அன்னாசிப் பொதி நல்ல துணை, ஒவ்வொன்றாக இறக்கி ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கலாம். பத்துப் பதினைந்து உருப்படி, அதில் பாதி பிள்ளைகள் என்றால் ஏத்தன்தான், வரிசையாக அடுக்கினால் ஒரே தடவையில் எல்லோர் கையிலும் இருக்கும், பொதிகிற வேலை கிடையாது, பிரிக்கும்போது ஆவி அடிக்கிற பயம் கிடையாது, கழுவப் பாத்திரம் கிடையாது. இரண்டு நாளைக்கு முன்பே வாங்கி, காற்றோட்டமாகத் தொங்கவிட்டுக் கறுக்க வையுங்கள், அன்றைக்குக் கடைக்குப் போனால் மஞ்சள்தான் கிடைக்கும். பனானா போட் கேட்கிற பிள்ளைகளுக்கு மட்டும் நாலு ரோபஸ்டாவும் கொஞ்சம் ஃபாயிலும் தனியாக. காரில் எங்காவது போய்த் தீ போடுவதாக இருந்தால் எல்லாவற்றையும் வீட்டிலேயே பொதிந்து எடுத்துப் போக முடியும் என்பது ஃபாயிலின் பெரிய பலம், ஆனால் அன்னாசியை மணிக்கணக்கில் பொதிக்குள் வைத்திருக்க வேண்டாம், சாறு ஃபாயிலை அரித்துச் சின்னச் சின்ன ஓட்டை போட்டுவிடும்.

எங்காவது போய் என்றதும் பேச்சிப்பாறை, நெய்யாறு என்று காட்டுப் பக்கம் யோசிப்பவர்களுக்கு: காப்புக்காட்டில் தீ மூட்டுவது தமிழ்நாட்டின் 1882-ஆம் வருஷத்து வனச்சட்டப்படியும் குற்றம், கேரளத்தின் 1961-ஆம் வருஷத்துச் சட்டப்படியும் குற்றம். சுட்ட பழ வாசனைக்குக் குரங்கும் பன்றியும் வரும், யானையும் வரும். ரப்பர் விளைக்குள்ளும், அதாவது தோட்டத்துக்குள்ளும், யோசித்துத்தான் போடவேண்டும், மார்கழி கடைசியிலிருந்து மாசி வரை ரப்பர் இலை உதிர்கிற காலம், கீழே கணுக்கால் புதைகிற அளவுக்குச் சருகு கிடக்கும், ஒரு பொறி போதும், பக்கத்து விளைக்காரன் மரமும் சேர்ந்து போகும். வீட்டு முற்றத்தில், சருகைக் கூட்டித் தள்ளி, வெறும் மண் தெரிகிற இடத்தில், நாலு கல் வைத்துப் போடுங்கள். கொல்லாங்கொட்டை, அதாவது முந்திரிக்கொட்டை, காலத்தில் பிள்ளைகள் பச்சைக் கொட்டையை அதே தீயில் எறிவார்கள், அதன் தோட்டு எண்ணெய் தெறித்தால் தோல் பொத்துப்போகும், புகையும் பழத்தில் ஏறக் கூடாது, அதற்குத் தனித் தீ, தனி நேரம்.

முடிந்ததும் ஃபாயிலைக் கனலிலேயே போட்டுவிட்டுப் போகிற பழக்கம் வேண்டாம். அது எரிந்து போகாது, சுருண்டு துண்டு துண்டாகச் சாம்பலோடு கலந்து கிடக்கும், மறுநாள் அந்தச் சாம்பலை அள்ளித் தென்னை மூட்டில் போடும்போது அதுவும் மண்ணுக்குள் போகும், பாகு மணத்துக்கு மாடு வந்து நக்கும். ஆறினதும் ஃபாயிலை மட்டும் பொறுக்கித் துடைத்துப் பழைய சாமான் எடுக்கிற ஆக்கர்க்காரருக்கு எடுத்து வையுங்கள், இலையும் தோலும் தென்னை மூட்டுக்குப் போகட்டும். கனல்மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, கம்பால் கிளறி, மறுபடியும் ஊற்றி, புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று பார்த்த பிறகு படுக்கப் போங்கள். சிரட்டைக் கனல் மேலே சாம்பல் மூடினாலும் உள்ளே வெகுநேரம் சிவப்பாகவே கிடக்கும்.